பதினொன்றுக்கும் பதிமூன்றுக்கும் நடுவே

போர்னியோ எப்படி இருந்தது என்று என் அண்ணி மித்சுயோவைக் கேட்டால், அண்ணன் அன்றைக்குப் போட்டிருந்த சட்டையைப் பற்றிச் சொல்வாள். இலங்கை என்றால் ஜீப்பில் அவன் தொப்பி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று சொல்வாள். நேபாளம் என்றால் வாயைத் திறக்கமாட்டாள். ஆசியாவில் பாதியைச் சுற்றி வந்த பொம்பளை, பார்த்ததென்னவோ ஒசானாய் இவாவோ என்கிற என் அண்ணனின் முதுகைத்தான்.

நான் இவாவோவின் தங்கை, கியோயே. அவர்களுடைய சலவைக் கடையில் இஸ்திரி மேசையே என் வாழ்க்கை என்று ஆனவள். இரண்டு பேரையும் நாக்கில் நரம்பில்லாமல் திட்டுகிற உரிமை எனக்கு உண்டு, திட்டியும் இருக்கிறேன். கேட்டால்தானே.

ஜப்பானின் வடக்கே, சுகரு கடற்கரையில் எங்கள் ஊர். முன்னால் கடல், பின்னால் மலை, நடுவில் கடை. அண்ணி ஆப்பிள் தோட்டக்காரர் வீட்டுப் பெண். கல்யாணமாகி வந்த மறுநாளே கடையில் நின்றாள். பிள்ளை பிறக்கவில்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் பேசி நான் கேட்டதில்லை. சட்டைக் காலரில் யாருடைய அழுக்கு எந்த மாதிரி என்று அவளுக்குத் தெரியும். அண்ணனுக்கோ வேலையில் கண், வேறெதிலும் கண் கிடையாது. வாசலில் காக்கை செத்துக் கிடந்தால்கூட மிதித்துக்கொண்டு போகிற ஆள்.

அப்படிப்பட்டவனை ஒரு குலுக்கல் சீட்டு கெடுத்தது. கடைக்காரர் சங்கத்தின் வருடப் பிறப்புக் குலுக்கலில் கடல் தாண்டி வடக்கே குஷிரோவுக்குப் போய்க் கொக்கு பார்க்க இரண்டு சீட்டு விழுந்தது. பனியில் பெரிய பெரிய கொக்குகள் ஜோடி ஜோடியாக நின்று ஆடுமாம். அண்ணன் வேலிக் கயிற்றைத் தாண்டிப் போய் நின்றானாம். காவலாள் வந்து கையைப் பிடித்து இழுத்து வந்தாராம். திரும்பி வந்து என்னிடம் சொன்னான், "கியோயே, அது என்னைப் பாத்துச்சு. நேரா என் கண்ணைப் பாத்துச்சு."

"கொக்குக்கு வேற வேலை இல்ல பாரு," என்றேன்.

சிரித்தான். ஆனால் அவன் முகத்தில் ஒரு மாதிரி பசி வந்திருந்தது. குடிகாரன் வீட்டில் வளர்ந்தவள் நான், அந்தப் பசி எனக்குத் தெரியும். எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை.

அப்புறம் வருடத்துக்கு ஒரு பயணம். போர்னியோவில் படகில் போகும்போது முதலை கிடக்கிற ஆற்றில் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு குரங்கைப் படம் எடுத்தான். படகோட்டி மரியாதையாகத்தான் சொன்னார், அப்புறம் மரியாதை இல்லாமலும் சொன்னார். இலங்கையில் சிறுத்தை பார்க்கப் போய், லென்ஸ் மூடி கீழே விழுந்ததென்று ஜீப்பிலிருந்து இறங்கிவிட்டான். புதருக்குள் ஏதோ அசைந்தது. அண்ணி அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்ததில் சட்டை கிழிந்து கையோடு வந்தது. அந்தச் சட்டையை இங்கே கொண்டுவந்து தைத்தாள். தைக்கும்போது முதுகில் ஒரு சிவப்புத் துண்டையும் வைத்துத் தைத்தாள், உள்ளங்கை அகலத்துக்கு. மழைக்கோட்டிலும் அதே மாதிரி. கூட்டத்திலோ புல்லிலோ அவன் எங்கே போனாலும் கண்ணுக்குத் தெரியட்டும் என்று.

"அண்ணி, இது என்ன மாட்டுக்கு அடையாளம் போடற மாதிரி," என்றேன்.

"மாடா இருந்தா கட்டிப் போட்டுட்டு வந்திருப்பேன்," என்றாள்.

நேபாளத்தில் அந்தச் சிவப்புதான் காப்பாற்றியது. ஆள் உயரப் புல்லுக்குள் காண்டாமிருகத்தின் பின்னால் போய்விட்டான். வழிகாட்டி வேறு பக்கம் தேடினார். அண்ணிதான் புல்லுக்கு நடுவில் சிவப்பைப் பார்த்துக் கத்தினாள். மரத்தில் ஏற்றிவிட்டார்கள். காண்டாமிருகம் மரத்தடியில் நின்று மூச்சு விட்டது மேலே வரைக்கும் கேட்டதாம். இவன் மேலே உட்கார்ந்து படம் எடுத்தான். அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கடையில் மாட்டினான். வந்தவர்களெல்லாம் அடேயப்பா என்றார்கள். அண்ணி அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டியே துணி மடித்தாள்.

ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கிட்டே போனான். குஷிரோவில் கயிறு தாண்டினவன், நேபாளத்தில் மூச்சு படும் தூரத்துக்குப் போய்விட்டான். அடுத்தது என்ன என்று நான் யோசித்தேன். அண்ணி யோசிக்காமல் இருந்திருப்பாளா? அவனை உட்காரவைத்து, புத்தர் மாடத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கினாள். இனி விலங்கு பார்க்க வெளிநாடு போவது கிடையாது. அவனும் தலையை ஆட்டினான். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், போகும்போது கூட வந்த ஆள் வரும்போதும் கூட வரவேண்டும். இதைவிடச் சின்ன ஆசை ஒரு மனுஷிக்கு இருக்க முடியுமா, சொல்லுங்கள்.

சத்தியத்தில் ஓட்டை இருந்தது. எங்கள் ஊர் மலை வெளிநாடு இல்லையே.

அந்த வசந்தத்தில், மேலே பனி இன்னும் உருகி முடியாத சமயம், சாசமோரி ஐயா ஒரு கூட்டம் சேர்த்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மலை ஆடு, பறவை பார்க்கக் கூட்டிக்கொண்டு போவார். அண்ணன் பெயர் கொடுத்துவிட்டு வந்தான்.

"ஊரு ஊரா யானை பாத்தாச்சு, சொந்த ஊர்க் கரடியைப் பாத்ததில்ல," என்றான். "வீட்டுக்குப் பின்னாடி இருக்கற மலைதானேம்மா. ஒரு நாள்தானே."

"நானும் வரேன்," என்றாள் அண்ணி. அவ்வளவுதான் சொன்னாள். சிவப்புத் துண்டு இருக்கிறதா என்று அவன் கோட்டை எடுத்துப் பார்த்து மாட்டிவைத்தாள்.

சாசமோரி ஐயாவையும் சேர்த்துக் கூட்டம் மொத்தம் பதினான்கு பேர். கிளம்புகிற காலையில் ஒரு புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் காய்ச்சல் என்று வரவில்லை. மிச்சம் பன்னிரண்டு.

எங்கள் பக்கம் பன்னிரண்டு பேராக மலைக்குப் போகமாட்டார்கள். மலைத்தாய்க்குப் பிள்ளைகள் பன்னிரண்டு. பன்னிரண்டு பேர் வந்தால் தன் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டு திருப்பி அனுப்பமாட்டாள். அதற்கு மேல் வம்பு, அவள் பொம்பளைகளைக் கண்டால் பொறாமைப்படுகிறவள். அதனால் ஒரு பொம்மை எடுத்துப் போவார்கள். முழங்கை உயரத்தில் வைக்கோலில் கட்டின ஆண் பொம்மை, சன்சுகே என்று பெயர். அவன் பதிமூன்றாவது ஆள். சோற்று உருண்டை பிரித்தால் அவனுக்கும் ஒரு கிள்ளு வைக்கவேண்டும். இன்னொன்று, மலையில் இருக்கும்வரை பன்னிரண்டு என்ற எண்ணை வாயால் சொல்லக்கூடாது. வரிசையாக எண் சொல்லும்போது பன்னிரண்டாவது ஆள் சும்மா இருப்பான். அடுத்தவர் பதிமூன்று என்பார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றாது. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவனும் சும்மாதான் இருப்பான்.

சாசமோரி ஐயா வேனிலேயே ஒரு சன்சுகே வைத்திருந்தார். எண் கொடுக்கும்போது அண்ணிக்குப் பதினொன்று வந்தது, அண்ணனுக்கு அடுத்தது. பொம்மையை அண்ணி பையில் செருகிவிட்டார். "ஒசானாய் அம்மா, பின்னாடி நீங்கதான் இருக்கீங்க. இவன் எண்ணையும் நீங்களே சொல்லிடுங்க," என்றார்.

மலையடிவாரத்தில் முதல் தடவை எண்ணினார்கள். அண்ணி பதினொண்ணு என்றாள். பின்னாலிருந்து அண்ணன் கைத்தடியால் அவள் முதுகில் மெல்லக் குத்தினான், இருக்கிறேன் என்று. அவள் பதிமூணு என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள் என்றுதான் சாசமோரி ஐயா சொன்னார்.

சண்டை மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது வந்தது. அண்ணன் கோட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டான். முதுகில் சிவப்பு இல்லை. தையலைப் பிரித்த நூல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"எங்க அது?"

"சிவப்பு இருந்தா கரடி கிட்ட வராது. காலையில வேன்ல பிரிச்சுட்டேன்."

"கிட்ட வரணுமா?"

"பின்ன எதுக்கு வந்தோம்?"

அண்ணி கையில் இருந்த உருண்டையைத் திரும்பவும் தாளில் சுற்றினாள். அவள் கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நான் இன்னும் நினைக்கிறேன்.

"இத்தனை வருஷம் உங்க முதுகைப் பாத்தே கண்ணு பூத்துப் போச்சு," என்றாள். "இன்னைக்கு நான் பாக்கமாட்டேன். நான் முன்னாடி நடக்கறேன். நீங்க வாங்க, வராமப் போங்க."

"கோபத்தைப் பாரு. சன்சுகே, நீயாவது பேசுடா," என்று அண்ணன் பொம்மையைத் தடியால் தட்டினான்.

"தொடாதீங்க. அவனையும் தொடாதீங்க, என்னையும் தொடாதீங்க."

சொன்னபடி முன்னால் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பனிமூட்டம் மெல்ல இறங்கியது. மரங்களின் கால் மட்டும் தெரிந்தது. ஓரிடத்தில், பாதைக்கு மேலே பாறையில், ஒரு மலை ஆடு நின்றது. கறுப்பு முகம், தாடி. ஓடாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றதாம். அவளும் நின்றாள். வாழ்க்கையில் அவள் தானாகப் பார்த்த முதல் விலங்கு அதுதான். இதை மட்டும் எனக்கு அத்தனை நுணுக்கமாகச் சொன்னாள், காதோரம் ஒட்டியிருந்த பாசி வரைக்கும். "கியோயே, எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு," என்றாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அந்த நேரத்தில் அண்ணன் பின்தங்கிவிட்டான். ஒரு மரத்தில் புது நகக் கீறல், பால் மாதிரி சாறு வழிந்தது. கீழே சதுப்பில் ஏதோ தளிரைக் கடித்துத் துப்பியிருந்தது. இறங்கினான்.

இறங்குபாதை தொடங்குகிற இடத்தில் ஒரு பெரிய தேவதாரு. அங்கே சாசமோரி ஐயா எல்லோரையும் நிறுத்தினார். மூட்டம் நன்றாகக் கட்டியிருந்தது. தொப்பி, கோட்டு, எல்லாம் ஒரே சாம்பல் நிறம். பக்கத்தில் ஓடை இரைச்சல். எண் சொல்லுங்க என்றார். ஒன்று, இரண்டு என்று மூட்டத்துக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது.

"பதினொண்ணு," என்றாள் அண்ணி.

பன்னிரண்டாவது ஆள் சும்மா இருக்கவேண்டிய இடம். சும்மாதான் இருந்தது. முதுகில் தடி குத்தவில்லை. தொடாதீங்க என்று சொன்னது அவள்தானே. ரோஷக்காரர், கோபித்துக்கொண்டார் என்று நினைத்தாள். ஒரு மூச்சு நேரம் நின்றாள்.

"பதிமூணு," என்றாள்.

கணக்கு சரி. இறங்கினார்கள். வேனில் பக்கத்துச் சீட்டில் அண்ணன் வந்து உட்காரக்கூடாதென்று சன்சுகேயை எடுத்து அங்கே வைத்து, தன் மழைக்கோட்டைப் பொம்மைமேல் போர்த்தினாள். பின்சீட்டில் போய் முறைத்துக்கொண்டு கிடக்கட்டும் என்று ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பின்சீட்டுக்காரர்கள், புருஷன் பெண்டாட்டி முன்னால் ஒன்றாக இருக்கிறார்கள் என்று நினைத்தார்கள். அடிவாரத்து வெந்நீர் விடுதியில் பொம்பளைகள் ஒரு பக்கம், ஆம்பளைகள் ஒரு பக்கம் குளிக்கப் போனார்கள்.

சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு தட்டு போட்டிருந்தார்கள். விடுதிக்காரம்மா சூப் ஊற்றிக்கொண்டே வந்து கடைசித் தட்டில் நின்றாள். "இது யாருக்கு, ஆறிப்போகுதே," என்றாள்.

அண்ணி அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாளாம். ஆவி எழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, பிறகு எழுந்து, ஈரத் தலையோடு, விடுதிச் செருப்போடு வெளியே நடந்தாள். சாசமோரி ஐயாவும் இன்னொருவரும் பிடித்து நிறுத்தினார்கள். இருட்டிவிட்டது, மூட்டம், கரடி. தீயணைப்புக்காரர்கள் வந்து, விடிந்ததும்தான் ஏற முடியும் என்றார்கள். எனக்கு ஃபோன் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் வாசல்படியில் மடியில் பொம்மையோடு உட்கார்ந்திருந்தாள். பிடுங்கப் பார்த்தேன், விடவில்லை.

"இவன் வந்துட்டான் பாரு," என்றாள்.

விடிந்ததும் ஏறினோம். முழங்கால் வலிக்காரி நான், தேவதாரு வரைக்கும்தான் முடிந்தது. ஊர்க்காரர்கள் ஊதல் ஊதினார்கள், இவாவோ ஐயா என்று கூப்பிட்டார்கள். அண்ணி நேற்று நின்ற இடத்திலேயே போய் நின்றாள். அப்புறம் வாயைத் திறந்து, "பன்னெண்டு," என்று கத்தினாள்.

தேடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். என் ஆயுளில் அந்த மலையில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. சாசமோரி ஐயா ஓடிவந்தார். "ஒசானாய் அம்மா, வேணாம். இங்க வேணாம்."

"நேத்து நீங்க யாராவது சொல்லியிருந்தா அவர் இல்லைன்னு தெரிஞ்சிருக்கும்," என்றாள் அவள். திரும்பி நின்று மறுபடியும் கத்தினாள். தொண்டை கிழிந்து, குரல் போய், காற்று மட்டும் வருகிறவரைக்கும் அதே ஒரு எண்.

கீழே சதுப்பிலிருந்து, "இருக்கேன்," என்று வந்தது.

அத்தனை கிட்டே. கல் எறிந்தால் விழுகிற தூரம். சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ராத்திரி முழுக்க ஈரத்தில் கிடந்து உதடு நீலமாகியிருந்தது. தூக்கிக்கொண்டு வந்து படுக்கவைத்ததும் அண்ணி கேட்டாள், "ஏன் கூப்பிடல? நாங்க இங்கதானே நின்னோம்."

"குட்டியோட கரடி நடுவுல நின்னுச்சு. வாயைத் திறந்திருந்தா பாஞ்சிருக்கும்." அண்ணன் அவளைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துச் சொன்னான். "நீங்க எண்ணறது கேட்டுச்சு. பதினொண்ணு கேட்டுச்சு. அப்புறம் கொஞ்சம் நின்ன பாரு, சரி, இவ திரும்பிப் பாக்கப்போறா, அப்படின்னு நினைச்சேன். பதிமூணுன்னே."

அதன்பிறகு அதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசினதில்லை. திட்டியிருக்கலாம் பாவி.

பிழைத்தான், ஆனால் நடை போய்விட்டது. கடையை விற்றார்கள். காண்டாமிருகப் படத்தை அவனே கழற்றச் சொன்னான். கடல் தெரிகிற அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். சன்சுகேயை எரித்துவிடும்படி சாசமோரி ஐயா வந்து சொன்னார். அண்ணி கொடுக்கவில்லை, எங்கே வைத்தாளென்று எனக்கும் காட்டவில்லை.

அப்போதுதான் அண்ணனுக்குப் புதுப் பழக்கம் ஒன்று வந்தது. அண்ணி சமையலறையிலிருந்து, "ஏங்க," என்று கூப்பிட்டால் பதில் சொல்லமாட்டான். காது நன்றாகக் கேட்கும். நான் கூப்பிட்டால் உடனே பதில் வரும். அவள் கூப்பிட்டால் மட்டும் மௌனம். அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய் எட்டிப் பார்ப்பாள். அவன் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். அவள் வந்தது தெரிந்ததும், கைத்தடியால் தரையில் ஒரு தட்டு. அவ்வளவுதான். ஒரு நாளைக்கு எத்தனை தடவை. மாவுக் கையோடு, எண்ணெய் கொதிக்கும்போது, தலையில் சோப்போடு.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அவன் முன்னால் போய் நின்றேன். "என்ன விளையாட்டு இது? வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு 'ம்' போட்டா குறைஞ்சா போயிடுவே?"

"அவ வராளான்னு பாக்கறேன்," என்றான்.

"தினமும் வராளே அண்ணா."

"ஆமா," என்றான். "வரா." கண் கலங்கியிருந்தது. கோபத்தில் செய்கிறானா, ஆசையில் செய்கிறானா என்று எனக்குப் புரியவில்லை. அவனுக்கே புரிந்திருக்காது.

அண்ணியிடம் சொன்னேன், "நீங்க ஒரு தடவை போகாம இருங்க. தானா வழிக்கு வருவான்."

"ஒரு தடவைதான் போகாம இருந்தேன்," என்றாள்.

போன மாசம், பனி கொட்டுகிற ஒரு காலை. நான் அவர்கள் வீட்டில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தேன். சூப் கொதித்தது. அண்ணி கிண்ணத்தை எடுத்துக்கொண்டே, "ஏங்க," என்றாள்.

பதில் இல்லை.

"விடுங்க அண்ணி, வழக்கமான கூத்துதானே. நான் ஊத்திட்டுக் கொண்டுபோறேன்," என்றேன்.

"பாத்துட்டு வந்துடறேன்," என்று கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனாள்.

தரையில் தடி தட்டுகிற சத்தத்துக்கு என் காதும் பழகிப்போயிருந்தது போல. கத்தியைப் பிடித்தபடி காத்திருந்தேன். தட்டவில்லை. வெளியே பனி விழுகிறபோது எப்போதும் இருக்கிற அமைதிதான்.

பிறகு உள்ளே இருந்து அவள் குரல் வந்தது. கத்தவில்லை, அழவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் பெயரைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"பன்னெண்டு."

நான் அடுப்பை அணைத்துவிட்டு எழுந்து போனேன்.